கிழமை சொல்லும் சூப்

அரெக்கிப்பா நகரில் பிறந்தவனுக்குக் கிழமை தெரியக் காலண்டர் வேண்டாம். மதியச் சாப்பாட்டில் என்ன சூப் என்று பார்த்தால் போதும். திங்களுக்குச் சாக்கே, செவ்வாய்க்குச் சைரோ, புதனுக்குச் சோளமாவில் செய்த சோச்சோக்கா, வெள்ளிக்கு இறால் போட்ட சூபே. ஓய்வுபெற்ற பதிவாளர் நிக்கானோர் அறுபத்தாறு வருடமாக இந்தக் காலண்டரைத்தான் குடித்து வந்தார்.

ஆகவே வீட்டு நிர்வாகத்தை நவீனப்படுத்தக் கிளம்பியபோதும் அவர் சூப்பின் மேல் கை வைக்கவில்லை. ஏழு கிழமைக்கும் ஏழு சூப்பைத் தம் போனில் ஒரு செயலியில் முறைப்படி பதிந்தார். மனைவி கசில்தாவின் போனிலும் அதே செயலியை ஏற்றி, இரண்டையும் இணைத்தார். பட்டியல் தானாகக் கடைக்குப் போகும். சாமான் தானாக வாசலுக்கு வரும்.

“இனிமே நீ சந்தைக்குப் போய் வாயாட வேண்டாம், கசில்தா.”

“சரிங்க. ஒரு நாள் சூப்பை மறுநாளுக்குத் தள்ளணும்னா?”

“விரலால இழுத்து விடு. பின்னாடி இருக்கறதெல்லாம் தானா நகரும்.”

“யார்கிட்டயாவது ஒரு வார்த்தை கேக்குமா?”

“கேக்காது. அதுதான் இதோட அழகு.”

கசில்தா அழகை ஒப்புக்கொண்டாள். பிறகு மெதுவாக ஆரம்பித்தாள். “வர்ற சனிக்கிழமை சோய்லாவுக்கு அறுபது வயசு. இந்தத் தடவையாவது வாங்களேன்.”

சோய்லா அவள் தங்கை. சோய்லாவின் கணவர் எவுசேபியோவோடு நிக்கானோர் பேசிப் பதினோரு வருடம். ஒரு பொரித்த கினிப்பன்றி சரியாக வெந்ததா இல்லையா என்பதில் எழுந்த கருத்து வேறுபாடு.

“சனிக்கிழமை எனக்குச் சாப்போ இருக்கே.” பித்தளைத் தவளையின் வாய்க்குள் உலோக வில்லைகளைக் குறிபார்த்து எறிகிற அந்த ஆட்டத்தை எந்தச் சனியும் அவர் விட்டதில்லை. தங்கை வீட்டு அழைப்புகள் எல்லாம் சனிக்கிழமையே வந்தது அவருக்குப் பெரிய வசதி. “வெள்ளியா இருந்தா கட்டாயம் வந்திருப்பேன்.”

“வெள்ளின்னா வருவீங்க?”

“பதிவாளர் வாக்கு.”

புதனன்று அவர் பென்ஷன் அலுவலக வரிசையில் நின்று, ஒரு ரொட்டியோடு மதியத்தை முடித்தார். மறுநாள் கிண்ணத்தில் சோச்சோக்கா. அப்படியானால் நேற்று செவ்வாய்தானோ? பதிவாளர் ஆதாரம் தேடுகிறவர். செயலியைத் திறந்தார். ‘இன்று: சோச்சோக்கா’ என்றது. ஆவணமும் கிண்ணமும் ஒத்துப்போன பிறகு சொந்த ஞாபகத்தை நம்ப அவர் என்ன முட்டாளா?

இரண்டு நாள் கழித்து இறால் சூபே வந்தது. சாப்பிட்டு முடித்ததும் கசில்தா நல்ல சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“கெளம்பலாமா? சோய்லா வீட்ல இன்னிக்குத்தான் விருந்து.”

“இன்னிக்கா?”

“உங்களால வர முடியற நாள்னு சொல்லியிருக்கேன்.”

தமக்காக ஒரு பிறந்தநாளையே முன்னால் நகர்த்தியிருக்கிறார்கள். நிக்கானோருக்கு நெஞ்சு கொஞ்சம் இளகியது. தொப்பியை எடுத்தார்.

எவுசேபியோ வாசலிலேயே நின்றிருந்தார். பதினோரு வருடத்தில் ஆள் பாதியாகியிருந்தார்.

“வாங்க சகல. கினிப்பன்றி இன்னிக்கு நல்லா வெந்திருக்கு. நானே குத்திப் பாத்தேன்.”

“அன்னிக்கும் ஒண்ணும் மோசமில்ல,” என்றார் நிக்கானோர். அது பொய். ஆனால் சொன்னதும் உடம்பே லேசானது.

முற்றத்தில் ஒரு பித்தளைத் தவளை வாயைப் பிளந்து காத்திருந்தது. மூன்றாவது வில்லையை நிக்கானோர் நேராக அதன் தொண்டைக்குள் இறக்கினார். எவுசேபியோ அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், விடவே இல்லை.

“போதும் சகல. கைய மிச்சம் வெக்கணும். நாளைக்கு ஆட்டம் இருக்கு.”

“நாளைக்கா? ஞாயித்துக்கிழமை யாரு ஆடுறா?”

நிக்கானோர் மெல்லத் திரும்பினார். கசில்தா போனில் எதையோ விரலால் இழுத்துக்கொண்டிருந்தாள்.

“அப்போ வெள்ளிக்கிழமை?”

“அது நேத்தே போயிடுச்சு.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா நீ?”

“கேக்காதுங்க. அதுதான் இதோட அழகு.”