ஒன்பதாம் முகத்தின் மூக்கு

முகம் சுவரில் இருந்தது. மூக்கு நித்தியானந்தனின் உள்ளங்கையில் இருந்தது.

லைப்சிக் நகரின் அந்த மருத்துவ வரலாற்றுக் காட்சிக்கூடத்தில் பெயர்பெற்ற வைத்தியர்கள் பன்னிரண்டு பேரின் முகங்கள் வரிசையாகத் தொங்கின. கண்மூடிய பின் முகத்தில் சாந்து பூசி அச்செடுத்த வெள்ளை முகங்கள். ஆறு வருடமாக அவற்றுக்குத் தூசி தட்டியவர் நித்தியானந்தன். அந்த அறைக்குள் அவர் சப்பாத்தோடு போனதில்லை. அதற்கென்றே ஒரு சோடிக் காலுறை வைத்திருந்தார்.

ஒன்பதாவதான டொக்டர் லின்ட்னரில் அவருக்குத் தனி இரக்கம். மற்றவர்கள் கன்னம் ஒட்டிய கிழவர்கள். இவருக்கு முப்பதுகூட இராது. கீழே ஜெர்மன் மொழியில் ‘எடுக்கப்பட்டது: 14.3.1961’ என்றிருந்தது. ஆண்டவன்தான் எடுத்துக்கொண்டான் என்று நித்தியானந்தன் விளங்கிக்கொண்டார்.

வருடாவருடம் அந்தத் தேதியில் ஒரு பூவை முகத்துக்கு மேலே செருகுவார். இம்முறை நாற்பத்தைந்தாவது திவசம். எட்டிச் செருகும்போது கைக்கடிகாரப் பட்டி மூக்கில் கொளுவி, மூக்கு கையோடு வந்துவிட்டது.

காட்சிக்கூடத்தின் இயக்குநர் அம்மா அன்று காலையில்தான் சொல்லியிருந்தார்: “வியாழக்கிழமை லின்ட்னர் குடும்பம் வருகிறது. அவர்கள் போனதும் உங்கள் நிரந்தர ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கிறேன்.”

நொடியில் ஒட்டும் பசை வாங்கினார். நொடியில்தான் ஒட்டியது, இடப்பக்கம் சரிந்தபடி. பிறகு அசையவேயில்லை.

வீட்டில் மனைவி பாமா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“உண்மையைச் சொல்லுங்கோவன்.”

“சொன்னா ஒப்பந்தம் போயிடும். ஒப்பந்தம் போனா விசாவும் போயிடும்.”

“செத்த மனிசன்ரை மூக்கை உடைச்சுப்போட்டு விசாக் கதை கதைக்கிறியள்.”

“அவருக்குப் பூ வைக்கப் போய்த்தானே உடைஞ்சது. அவர் குறை நினைக்கமாட்டார்.”

“அவர் நினைக்கமாட்டார். அவரின்ரை பெண்சாதி வந்து பாப்பாவெல்லோ.”

பாமாவுக்குப் பல்லுக் கட்டும் கூடத்தில் வேலை. பல் அச்சு எடுக்கிற சாந்தில் கொஞ்சம் கொடுத்துவிட்டாள். புதன்கிழமை அதைக் குழைத்து வெடிப்பை அடைத்தார். காய்ந்ததும் மூக்கைச் சுற்றி ஒரு நீலக் கோடு தெரிந்தது.

“பாமா, இது நீலமாக் கிடக்கு,” என்றார் தொலைபேசியில்.

“எங்கட சாந்து நீலம்தானே. வெள்ளையெண்டு நான் சொன்னனானே?”

“இப்ப என்ன செய்யிறது?”

“பால் விடாத பிளேன்ரீ பூசிப் பாருங்கோ. பழசு மாதிரி வரும்.”

பூசினார். மூக்கு மண்ணிறமானது. மூக்குக்கு ஒத்துப்போகட்டும் என்று கன்னத்துக்கும், கன்னத்துக்காக நெற்றிக்கும் பூசினார். வியாழன் காலையில், பன்னிரண்டு பேரிலும் டொக்டர் லின்ட்னர் மட்டும் யாழ்ப்பாணத்து வெயிலில் ஒரு மாதம் நின்றவர்போல இருந்தார்.

அதன்பின் நித்தியானந்தன் வேறொன்றும் பூசவில்லை. ‘மூக்கை உடைத்தது நான்’ என்று கடிதம் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, காலுறையோடு ஓரமாக நின்றார்.

பத்து மணிக்கு இயக்குநர் அம்மா ஒரு வயோதிப மாதையும், ஊன்றுகோல் பிடித்த ஒரு கிழவரையும் கூட்டிவந்தார். விதவையும் தமையனுமாக்கும். நித்தியானந்தன் தலையைக் குனிந்துகொண்டார்.

“இந்த நிறம்…” என்று இழுத்தார் இயக்குநர் அம்மா. “மூக்கு இப்படியா இருந்தது?”

நித்தியானந்தன் கடிதத்தை அவரிடம் நீட்டினார். பிறகு வயோதிப மாதைப் பார்த்துக் கைகூப்பி, “ஆழ்ந்த அனுதாபங்கள்” என்றார்.

அந்த மாது ஒன்றும் விளங்காமல் கிழவரைப் பார்த்தார். கிழவர் சுவருக்குக் கிட்டப் போய், சரிந்த மூக்கை ஒரு விரலால் தடவினார். அதே விரலால் தன் மூக்கையும் தடவிக்கொண்டு திரும்பினார்.

“அச்செடுக்கப் பழகுவதற்காக, படிக்கிற காலத்தில் என் முகத்தில் எடுத்தது இது, நான் பனியில் சறுக்கி விழுந்து மூக்கு வளைந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்துத்தான் - இவ்வளவு சரியாக எப்படி ஐயா வளைத்தீர்கள்?”