நீலச் சொட்டு பூசிய முகம்

என் வயதைக் குறைத்துக்கொள்வது என்று ஒரு மத்தியானம் தீர்மானம் செய்தேன். எடையைக் குறைக்கிறவர்கள் உண்டு. செலவைக் குறைக்கிறவர்கள் உண்டு. நான் நேராக வயதிலேயே கை வைத்தேன்.

காரணம் ஒரு அம்மாள். பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க என் ஸ்டூடியோவுக்கு வந்தவர். படம் பிரிண்டாகி வருவதற்குள் சுவரைப் பார்த்தார். கடை திறந்த புதிதில் நான் எனக்கே எடுத்துக்கொண்ட படம் அங்கே மாட்டியிருக்கிறது. சுருட்டை முடி, கூரான தாடை, உலகத்தையே விலை பேசுகிற பார்வை.

"உங்க பையனா?" என்றார்.

"ஆமாங்க" என்று என் வாய் சொல்லிவிட்டது.

"லட்சணமா இருக்கான். என்ன பண்றான்?"

"இங்க கடையிலதாங்க இருக்கான்."

"அப்பாவுக்கு ஒத்தாசையா இருக்கான்னு சொல்லுங்க. இந்தக் காலத்துல யாரு இருக்கா."

அவர் போன பிறகும் கம்ப்யூட்டர் திரையில் அவர் முகம் இருந்தது. கண்ணுக்குக் கீழே தொங்கிய பைகளை நான்தான் எடுத்துவிட்டிருந்தேன். நெற்றிக் கோடுகளை நான்தான் அழித்திருந்தேன். இந்த ஊரில் பாதிப் பேருக்கு இளமை என் கையிலிருந்துதான் போகிறது. மவுஸால் ஒரு தேய்ப்பு, எந்தச் சுருக்கமும் மறைந்துவிடும். என் முகத்தை எந்த மவுஸால் தேய்ப்பது?

கடையைப் பூட்டிவிட்டு நேரே எதிர்ப்பக்க மருந்துக்கடைக்குப் போனேன். கடையை நடத்துகிறவள் சிரிக்காமலே பேசுகிற பெண். படித்துப் பட்டம் வாங்கிய மருந்தாளுநர்.

"தோல் சுருங்காம இருக்க ஏதாவது இருக்கா மேடம்? ஒரு கஸ்டமர் கேட்டாரு."

"கஸ்டமருக்கு என்ன வயசு?"

"என் வயசுதான் இருக்கும்."

என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள். உள்ளே போய்க் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கண்ணாடி பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே நீலம். மழை விட்ட சாயங்காலத்தில் ஜன்னல் கண்ணாடியில் கொஞ்ச நேரம் தங்கிவிட்டுப் போகுமே, அந்த நீலம்.

"காப்பர் பெப்டைடு சீரம். செம்பு சேர்ந்த ஒரு சின்னப் புரதத் துணுக்கு. நம்ம ரத்தத்துலயே இருக்கறதுதான், வயசாக ஆகக் குறைஞ்சிடும். தோலுக்கு உறுதி கொடுக்கற கொலாஜனை இது தூண்டிவிடுமாம். சுருக்கம் மட்டுப்படும், முடிக்கும் நல்லதுன்னு சொல்றாங்க."

"சொல்றாங்கன்னா?"

"ஆய்வுக்கூடத்துல நல்லா வேலை செய்யுது. மனுஷங்க முகத்துல எவ்வளவு செய்யும்னு இன்னும் அவ்வளவா ஆராய்ச்சி இல்ல. ஓரளவுக்குத்தான் எதிர்பார்க்கணும் சார்."

கடைசி வாக்கியம் என் காதில் விழவில்லை. நான் ஏற்கெனவே பாட்டிலுக்குள் நீந்திக்கொண்டிருந்தேன். முதுமைக்குப் பெப்பே காட்டுவதால்தான் அது பெப்டைடு என்று நானே பொருளும் பிரித்துக்கொண்டேன்.

"வீட்டுல மட்டும் சொல்லிடாதீங்க" என்றேன்.

"யார் வீட்டுல?"

"அந்த கஸ்டமர் வீட்டுல."

"சரி. இதுக்குச் சில பத்தியம் இருக்கு. நாளைக்கு வந்தா சொல்றேன்" என்றாள்.

வீட்டில் ஏன் மறைக்க வேண்டும் என்பீர்கள். என் மனைவி பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர். எங்களுக்குள் கெமிஸ்ட்ரி நன்றாகவே இருக்கிறது. அவள் டீச்சர், நான் சோதனைக் குழாய். அதோடு இன்னொன்று. போன வருஷம் ஒரு டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். உப்பைக் குறை, சர்க்கரையை விடு, நட, தூங்கு என்றார். அன்று முதல் அவள் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுடைய அண்ணன் ஒரு நாள் பேசிக்கொண்டிருக்கும்போதே நாற்காலியோடு சாய்ந்தவர். இன்னும் ஒரு கை அவருக்குச் சரியாக வரவில்லை. அதை நினைத்துத்தான் சொல்கிறாள் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் "என் உடம்பு எனக்குத் தெரியாதா" என்பேன். அவள் பேச்சை நிறுத்திவிட்டுத் துணி மடிக்கப் போய்விடுவாள். அப்படிப்பட்டவளிடம் போய், டாக்டர் சொன்னதைக் கேட்காதவன் முகத்துக்கு மருந்து வாங்கி வந்திருக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

பாட்டிலைக் குளியலறையில், ஷேவிங் சாமான் டப்பாவின் அடியில் ஒளித்துவைத்தேன்.

மறுநாள் மருந்துக்கடைக்காரி பத்தியத்தைத் தொடங்கினாள். "சர்க்கரை உடம்புல அதிகமானா கொலாஜன் விறைச்சுப்போகும். டீயில சர்க்கரை கூடாது." இன்னொரு நாள், "உப்பு முகத்தை உப்ப வைக்கும், சிப்ஸை விடுங்க" என்றாள். பிறகு, "விடிஞ்சதும் வெயிலுக்கு முன்னாடி நடந்தாத்தான் ரத்தம் தோல் வரைக்கும் போகும்" என்றாள். பிறகு, "தூக்கத்துலதான் சார் தோல் தன்னைத்தானே ரிப்பேர் பண்ணிக்கும். போனைத் தள்ளி வெச்சிட்டு சீக்கிரம் படுத்துடுங்க."

டாக்டர் சொன்னபோது தண்டனையாக இருந்ததெல்லாம் இவள் சொன்னபோது வரமாகத் தெரிந்தது.

வீட்டில் ஒரு நாள் காலை மனைவி டம்ளரை நீட்டினாள்.

"டீயில சர்க்கரை போட மறந்துட்டேங்க. கொடுங்க, போட்டுத் தரேன்."

"பரவாயில்ல, இருக்கட்டும்."

"என்னாச்சு உங்களுக்கு?"

"ஒண்ணுமில்ல. சர்க்கரை மேல ஒரு வெறுப்பு."

"இப்படித் திடீர்னா?"

"வெறுப்புன்னா திடீர்னுதான் வரும்."

"என் மேல வராம இருந்தா சரி" என்று சொல்லிவிட்டுப் போனாள். சந்தேகம் துளியும் இல்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த நாட்கள் எனக்கு ஒரு நீண்ட கனவு போல நினைவிருக்கின்றன. இருள் பிரிகிற நேரத்தில் கிளம்புவேன். தெரு பனியில் பாதி அழிந்து கிடக்கும். பூட்டிய கடைகள், ஈரச் சுவர்கள், கம்பியில் தோளோடு தோள் ஒட்டிய புறாக்கள். நடக்க நடக்க வானம் மெல்ல நீலமாகும். அது என் பாட்டிலின் நீலம்தான். யாரோ மேலேயிருந்து ஒரு சொட்டு விட்டு உலகத்தின் முகத்தில் தடவுகிறார்கள் என்று தோன்றும். நானும் வீடு திரும்பிக் குளித்து ஒரு சொட்டு தடவிக்கொள்வேன். கன்னம் ஜில்லென்று இருக்கும். கண்ணை மூடினால் வருஷங்கள் ஓசையில்லாமல் கழன்று விழும்.

ஸ்டூடியோவில் விளக்குகளுக்குப் பிடித்த வெள்ளைக் குடைகளுக்கு நடுவே உட்கார்ந்தும் கனவுதான். என் முடி சுருள்கிறது. தாடை கூராகிறது. கடைத்தெருவில் எல்லாரும் என் மனைவியிடம், "தம்பி ஊர்லேர்ந்து எப்ப வந்தாரு?" என்கிறார்கள். சொட்டு கொஞ்சம் அதிகமாகிவிடுகிறது. அரும்பு மீசைக்குப் போய்விடுகிறேன். பிறகு மீசையும் போகிறது. கடைசியில் அவள் என் கையைப் பிடித்துச் சாலையைக் கடத்திவிடுகிறாள். அந்த இடத்தில் பயந்து விழித்துக்கொள்வேன். அன்றைக்கு மட்டும் அரைச் சொட்டோடு நிறுத்திக்கொள்வேன்.

வேடிக்கை என்னவென்றால், பலனும் தெரிந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த பை வற்றியது. கன்னத்தில் நிறம் ஏறியது. படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. அதைவிட ஆச்சரியம், பாட்டில் காலியாகவே இல்லை. பூசப்பூச அட்சய பாத்திரம் போல் நிறைந்தே இருந்தது. விஞ்ஞானம் எங்கேயோ போய்விட்டது என்று வியந்தேன்.

இந்தச் சமயத்தில் மனைவி, "டாக்டர்கிட்ட ஒரு எட்டு போய்ட்டு வந்துடலாங்க" என்றாள். புது முகத்தை யாரிடமாவது காட்ட வேண்டும் என்று எனக்கும் ஆசை. போனோம். டாக்டர் பட்டையைச் சுற்றினார். ஒரு முறை பார்த்தார். நம்பாமல் மறுபடியும் பார்த்தார்.

"ரொம்ப நல்லா இறங்கியிருக்கே. என்ன செஞ்சீங்க?"

"மனசு வெச்சேன் டாக்டர்" என்றேன்.

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் லேசாகக் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நெகிழ்ந்துபோனேன்.

அடுத்த நாள் பள்ளிக்கூட அடையாள அட்டைக்குப் படம் வேண்டும் என்று ஸ்டூடியோவுக்கு வந்தாள். ஸ்டூலில் உட்காரவைத்து, விளக்கைத் திருப்பி, எடுத்தேன். திரையில் முகத்தைப் பெரிதாக்கி வழக்கம்போல மவுஸைக் கொண்டுபோனேன். தேய்க்க ஒன்றும் இல்லை. கண்ணோரக் கோடுகள் எங்கே? உதட்டோரத்து மடிப்பு எங்கே? பளிங்கு போல இருந்தது முகம்.

"உனக்கு டச்சப்பே வேண்டாம் போலிருக்கே" என்றேன்.

"வேண்டாம். தினமும் காலையில உங்க பாட்டில்லேர்ந்துதான் பண்ணிக்கறேன்."

மவுஸ் என் கையில் நின்றுவிட்டது.

"எந்தப் பாட்டில்?"

"ஷேவிங் டப்பாவுக்கு அடியில இருந்தது. முதல் நாளே பார்த்துட்டேன். உங்க தோலுக்கு எரிச்சல் குடுத்துடுமோன்னு பயமா இருந்துச்சு. அதான் நான் முதல்ல போட்டுப் பார்த்தேன். எனக்கு ஒத்துக்கிச்சு. அப்புறம் வேற பாட்டில்ல ஊத்தி எடுத்துக்கிட்டேன், திருப்பி வைக்க மனசு வரலை."

"அப்போ நான் பூசினது?"

"காய்ச்சி ஆற வெச்ச தண்ணி. கேக்குக்குப் போடற நீலக் கலர் கொஞ்சம். குறையக் குறைய ஊத்தி வெச்சேன்."

"முகத்துல மாற்றம் தெரிஞ்சுதே."

"நடந்தா, தூங்கினா, சர்க்கரையை விட்டா தெரியாதா?"

"அந்தப் பத்தியமெல்லாம்?"

"மருந்துக்கடைக்காரியும் நானும் தினமும் ஒரே பஸ்லதாங்க போறோம். உங்க பிரஷர் கதை அவளுக்கு ஏற்கெனவே தெரியும். அன்னிக்குக் கஸ்டமர் கதையைச் சொல்லிச் சிரிச்சா. நான் ஒவ்வொண்ணா சொல்லி அனுப்பினேன். நான் சொன்னா கேக்க மாட்டீங்க. அவ சொன்னா கேப்பீங்கன்னு தெரியும்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கு வெளிச்சத்தில் அவள் கண்கள் ஈரமாகப் பளபளத்தன. முந்தின நாள் டாக்டர் அறையில் அவள் சிரித்தாளா, அழுதாளா என்று இப்போதும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. இரண்டுமாக இருக்கலாம். கோபப்படலாம் என்றுதான் இருந்தேன். வரவில்லை.

எழுந்து புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். வாசலில் நின்று திரும்பினாள்.

"நிஜப் பாட்டில் தீர்ந்துடுச்சுங்க. இன்னொண்ணு எடுத்துவைக்கச் சொல்லியிருக்கேன். வர்றப்ப வாங்கிட்டு வந்துடுங்க."

சாயங்காலம் வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தேன்.