ஏழாம் நம்பர் மிஷினின் இருபது நிமிடம்

மூன்று பத்துக்கு ஏழாம் நம்பர் மிஷின் மறுபடியும் நின்றது.

"சார், நின்னுருச்சு," என்று ஆப்பரேட்டர் அங்கம்மா இன்டர்காம் போனில் சொன்னபோது, கமலநாதன் மாடி அறையில் அதே மிஷினைப் பற்றிய ரிப்போர்ட்டைத்தான் எழுதிக்கொண்டிருந்தார். பதினோராவது ரிப்போர்ட்.

இறங்கிப் போய் வெள்ளை உடுப்பு, தொப்பி, முகமூடி, கையுறை எல்லாம் மாட்டினார். சிப் செய்யும் அறைக்குள் கண் மட்டும்தான் தெரிய வேண்டும். அந்தக் கோலத்தில் எல்லாரும் ஒன்றுபோல இருப்பார்கள். அவரை மட்டும் தூரத்திலேயே அடையாளம் தெரியும். சில மாதங்களாக அவர் உடுப்பு மட்டும் கொடியில் காய்வது போலத் தொங்கியது.

தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சிப்பில் ஒட்டுவது அந்த மிஷினின் வேலை. முப்பது வருட அனுபவமுள்ள இன்ஜினியரை முட்டாளாக்குவது உபதொழில்.

"என்ன ஆச்சு?"

"தெரியல சார். திரையில என்னமோ எழுதியிருக்கு."

கொரிய எழுத்து. திரையை இங்கிலீஷுக்கு மாற்றும் வழி மேனுவலில் இருந்தது. மேனுவலும் கொரியன். கைப்பேசியில் மொழிபெயர்த்துப் பார்க்கலாமென்றால் அந்த அறைக்குள் கைப்பேசியோ வெளிக் காகிதமோ கூடாது. மேனுவல் அங்கிருந்து வெளியே வரவும் கூடாது. ஆகவே கமலநாதன் அந்த எழுத்துகளை மனப்பாடம் செய்து, மாடிக்குப் போய் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் வரைந்து, கைப்பேசி அதைக் கோலம் என்று சொல்லிவிட்டதால், கீழே 'மிகக் கடுமையான கோளாறு' என்று எழுதியிருந்தார்.

"ரீசெட் பண்ணிட்டேன் சார். மிஷின் சூடாக இருவது நிமிஷம் ஆகும். சும்மா நின்னு என்ன செய்யப் போறீங்க, கேண்டீன்ல போய் ஒக்காருங்க. மனோகரன் மீ கோரிங் நூடுல்ஸ் போட்டிருக்காரு."

அங்கம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். மிஷின் வந்து இறங்கிய அதே வாரம் கமலநாதனின் மனைவி யோகேஸ்வரி இறந்துபோனாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவர் திரும்பியபோது, கொரியர்கள் அங்கம்மாவுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு விமானம் ஏறியிருந்தார்கள். எனக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று ஆப்பரேட்டரிடம் கேட்க இன்ஜினியருக்கு வாய் வரவில்லை.

மதியம் யோகேஸ்வரியின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தே பழகியவர், டப்பா நின்ற பிறகு ஒரு மணிக்கு மாடியை விட்டு இறங்குவதையும் நிறுத்தியிருந்தார்.

"அண்ணே, ரெண்டு வாரத்துல கஸ்டமர் வர்றாங்க," என்றான் மேனேஜர் லோகேஸ்வரன். "அவங்க முன்னாடி நின்னுச்சுன்னா இந்த லைனையே ஜொகூர்லேருந்து பினாங்குக்குத் தூக்கிருவாங்க. நீங்க வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுக்க வேண்டியதுதான்."

கமலநாதனின் கூலாய் வீட்டில் இப்போது ஓடிக்கொண்டிருந்தது சுவர்க் கடிகாரம் மட்டும்தான். அதனோடு நாள் முழுக்க உட்கார்ந்திருக்க முடியாது.

எனவே ஆராய்ச்சியைத் தீவிரப்படுத்தினார். மூன்று மணிக்குக் கேண்டீன் ஐஸ்பெட்டி மின்சாரத்தை இழுக்கிறது என்று கண்டுபிடித்து, அதை நிறுத்தச் சொன்னார். மறுபடியும் போடச் சொல்ல மறந்துபோனார்.

"மிஷினும் நிக்குது, என் மீனும் நாறுது," என்றார் கேண்டீன்கார மனோகரன் மறுநாள். "ரெண்டுல ஒன்னையாச்சும் சரி பண்ணுங்க லா." திட்டிக்கொண்டே ஒரு தட்டைக் கமலநாதன் முன்னால் வைத்தார். ஆர்டர் கொடுத்ததாகக் கமலநாதனுக்கு ஞாபகம் இல்லை. இருந்தாலும் இருபது நிமிடத்தை எப்படியாவது போக்க வேண்டுமே.

அடுத்து அதிர்வு. எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு லாரிகள் அந்த நேரத்தில்தான் வாசலைக் கடக்கின்றன. காவலாளியிடம் சிவப்புக் கொடியைக் கொடுத்து, மூன்றிலிருந்து மூன்றரை வரை நிறுத்தி வைக்கச் சொன்னார்.

லோகேஸ்வரன் காரிலிருந்து கூப்பிட்டான். "அண்ணே, பண்டார் தெங்காரா வரைக்கும் லாரி நிக்குது போல. நடுவுல நான் நிக்கிறேன். மிஷின்?"

"அதுவும் நிக்குது."

கடைசியில் தொழிற்சாலை விதிப்படி 'ஏன்?' என்று ஐந்து முறை கேட்டார். கேள்வியும் அவரே, பதிலும் அவரே. இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, அங்கம்மாவின் ஷிப்டில் மட்டுமே மிஷின் நிற்கிறது. இரண்டு, ஒரே ஒரு வெள்ளிக்கிழமை நிற்கவில்லை. அன்று டிப்பார்ட்மென்டில் எல்லாருக்கும் மதியம் பிரியாணி. 'காற்றில் ஈரம் குறைவாக இருந்திருக்கலாம்' என்று அதற்கு நேரே எழுதினார்.

அங்கம்மாவைப் பேக்கிங் பகுதிக்கு மாற்றச் சொல்லிக் கடிதம் தயாரானது. ஆனால் அங்கே உட்காரவும் இடமில்லை, ஓவர்டைமும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். கொடுக்கும்போது அங்கம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அங்கம்மா படித்தார், மடித்தார். "கஸ்டமர் வந்துட்டுப் போகட்டும் சார். அப்புறம் போறேன்."

கஸ்டமர் வந்த அன்று, லோகேஸ்வரன் அவர்களைக் கூலாயில் வாழை இலைச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனான். நடுவில் உட்கார்ந்திருந்த கமலநாதன் மரியாதைக்காக இரண்டாம் முறையும் சோறு வாங்கினார்.

மூன்று மணிக்கு எல்லாரும் ஏழாம் நம்பர் மிஷினைச் சுற்றி நின்றார்கள். மூன்று பத்து. கமலநாதன் கண்ணை மூடிக்கொண்டார். மூன்று பதினைந்து. மூன்றரை. தங்கக் கம்பி ஓடிக்கொண்டே இருந்தது. கஸ்டமர்கள் கை குலுக்கினார்கள். லைன் ஜொகூரிலேயே இருக்கும் என்றார்கள்.

"அலமாக், அதிசயமா இருக்கே, என்னண்ணே செஞ்சீங்க?" என்றான் லோகேஸ்வரன்.

"ஈரம்," என்றார் கமலநாதன் கம்பீரமாக.

உடுப்பு மாற்றும் அறையில் அங்கம்மா தொப்பியைக் கழற்றிக்கொண்டிருந்தார். பக்கத்து பெஞ்சில் அந்தக் கடிதம். கமலநாதன் தன் தொப்பியையும் கழற்றினார். பிறகு, பதினோரு ரிப்போர்ட்டிலும் கேட்காத இடத்தில் கேட்டார்.

"அங்கம்மா, இன்னைக்கு ஏன் நிக்கல?"

"அந்தக் கொரியன் எழுத்தை ரிப்போர்ட்டுல அழகா வரைஞ்சு வச்சிருந்தீங்களே சார், 'ஆப்பரேட்டர் நிறுத்தினார்'னு அர்த்தம் அதுக்கு."

"நீங்களா? அப்ப சூடாக இருவது நிமிஷம் ஆகும்னு சொன்னது?"

அங்கம்மா கடிதத்தை எடுத்து அவர் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"மிஷினுக்கு ரெண்டு நிமிஷம் போதும் சார். நீங்க சாப்பிட்டு முடிக்கத்தான் இருவது நிமிஷம் ஆகுது."