அங்குலம் சாரின் ஆறங்குலக் கண்ணாடி

புதுக்கோட்டையில் கரண்ட் போனால் சந்தோஷப்பட்ட ஒரே மனிதர் அங்குலம் சார்தான். கரண்ட் இருக்கும் நேரமெல்லாம் அவருக்குக் கவலை.

ஐம்பதுகளின் கடைசியில் நாங்கள் இருவரும் ஒரே ஆபீசில் குமாஸ்தாக்கள். தங்கியதும் ஒரே அறையில். எந்தக் கண்ணாடியைப் பார்த்தாலும், "அகலம் எத்தனை அங்குலம்ங்க?" என்பார். புது மூக்குக்கண்ணாடி போட்டு வந்த ஹெட்கிளார்க்கையும் கேட்டுவிட்டார். அந்தப் பெயர் அப்படி வந்ததுதான்.

அவரிடம் இரண்டங்குல டெலஸ்கோப் ஒன்று இருந்தது. மாடியில் அதை நிறுத்தி, எதிரே புதிதாக வந்த தெருவிளக்கைத் திட்டுவார். ஒருநாள் விளக்குக்குக் கோணிப்பை மாட்டப்போய்ப் போலீஸ்காரரிடம் மாட்டிக்கொண்டார்.

"வெளக்க மூடிட்டு எதைய்யா திருடப் போற?"

"நட்சத்திரம் பாக்கத்தாங்க!"

அந்தப் பதில் நிலைமையை இன்னும் மோசமாக்கியது. நான் போய்க் கெஞ்சி மீட்டுவந்தேன்.

அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். குன்றாண்டார்கோவிலில் இருந்த அவருடைய அக்காவுக்குச் சிறுவயதிலிருந்தே மாலைக்கண். ஒரு நட்சத்திரத்தைக்கூடப் பார்த்ததில்லை. இப்போது பகல் பார்வையும் மங்கிக்கொண்டு வந்தது. டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"ரெண்டங்குலத்துல காட்டுனேன் சார். ஒண்ணும் தெரியலைன்னுருச்சு. கண்ணாடி அகலமா இருந்தாத்தான் நெறைய வெளிச்சத்தை அள்ளிக் கண்ணுக்குள்ள விடும். ஆறங்குலமாச்சும் வேணும். அதுக்குள்ள அக்கா கண்ணு..."

விலைக்கு வாங்க வழியில்லை. இரண்டு கனத்த கண்ணாடி வட்டுகளுக்கு நடுவே சாணைப் பொடி போட்டு, தானே தேய்க்கத் தொடங்கினார். மாதக்கணக்கில் அறையில் கரகரச் சத்தம்.

"சார், அங்கிட்டுத் திரும்பித் தும்முங்க! தூசி விழுந்தாக் கீறிரும்!"

நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு மாடிக்கு ஓடிய நாட்கள் அதிகம்.

ஒருவழியாகக் கண்ணாடி தயாரானது. தை அமாவாசையன்று அக்கா ஊருக்குக் கிளம்பினோம். பஸ் கூரையில் டெலஸ்கோப் குழாய். துணி சுற்றிய கண்ணாடி அவர் மடியில். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"மடியில என்னங்க, கைக்குழந்தையா?" என்றார் கண்டக்டர்.

"ஆமாங்க. டிரைவரைப் பாத்துப் போகச் சொல்லுங்க."

ஊரில் தெருவிளக்கே கிடையாது. பொழுது சாய்ந்ததும் என் கையே எனக்குத் தெரியவில்லை. வயல்வெளியில் டெலஸ்கோப்பை நிறுத்தி, தலைக்குமேல் இருந்த கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைப் பிடித்தார். பாவம், பக்கத்து வீட்டுக்காரர் உதவிக்கு வந்தார், பெட்ரோமாக்ஸ் விளக்கோடு.

"இருட்டுல கெடந்து தடவுறீகளே..."

"அணைங்க! கையெடுத்துக் கும்புடுறேன், அணைங்க!"

விளக்கு அணைந்தது. அங்குலம் சார் அக்காவின் கையைப் பிடித்து டெலஸ்கோப் முன்னால் நிறுத்தினார்.

"தெரியுதாக்கா?"

அக்கா குனிந்து ஒற்றைக் கண்ணை வைத்தாள்.

"இல்லையேடா."

குழாயை மயிரிழை நகர்த்தினார். "இப்ப?"

அக்கா கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "ஒண்ணு... அந்தா, இன்னொண்ணு. அடேய், நெறைய இருக்குடா!"

அப்புறம் அவளை அங்கிருந்து நகர்த்த முடியவில்லை. "நீங்களும் பாருங்க சார்" என்று அங்குலம் சார் என்னைக் கூப்பிடவும் இல்லை; தானும் பார்க்கவில்லை. அந்த இருட்டில் அக்கா நின்ற பக்கமே திரும்பி நின்றார். நான் அவர் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றேன்.