அன்பளிப்பு: அரங்கநாதன், அனந்தபுரம்

மாமனார் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிட்டதாகப் போன் வந்தபோது, கல்யாணத்துக்கு அவர் கொடுத்த பைக்கின் ஹேண்டில்பார் வெற்றிவேலின் மடியில் கிடந்தது. முன்சக்கரம் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்திருந்தது. மிச்ச வண்டி தலையில்லாமல் செங்கல் அடுக்கின் மேல் நின்றது.

"நைனா ஆட்டோ பிடிச்சிட்டாராம். இப்ப வந்துடுவாரு," என்றாள் மனைவி மணிமொழி.

"இன்னாத்துக்குத் திடீர்னு வர்றாரு?"

"தெரியல. காலையில போன்ல பேசறப்ப, அவரு வண்டி ஹேண்டிலை நோண்டிக்கினு இருக்காருன்னு சொன்னேன். டக்குனு போனை வச்சிட்டாரு."

வெற்றிவேல் கிரீஸ் கையை லுங்கியில் துடைத்தான். அவன் நெல் கமிட்டி மண்டியில் எடை போடுகிறவன். ஒரு நாள் ஆசைப்பட்டு, ஒரு மூட்டை அரிசியைப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு வந்து, கூட்ரோட்டுப் பள்ளத்தில் வண்டியை இறக்கிவிட்டான். அன்றிலிருந்து பிரேக் பிடித்தால் டொக்கென்று ஒரு சத்தம், திருப்பினால் ஹேண்டில் நடுவில் சிக்கிக்கொள்ளும். கோன்செட் போய்விட்டது. அதாவது, ஹேண்டிலைத் திருப்ப உதவும் குண்டுகளும் அவை உட்காரும் கிண்ணங்களும் தேய்ந்துவிட்டன. வேறு யாராக இருந்தாலும் வண்டியை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். வெற்றிவேலால் முடியாது. அந்த வண்டிக்கென்று மாமனார் தனிச் சட்டமே போட்டிருந்தார்.

செஞ்சி மெக்கானிக் எவனும் அதில் ஸ்பேனர் வைக்கக் கூடாது. எது என்றாலும் அனந்தபுரத்துக்குக் கொண்டு போனால் அவரே ஆள் வைத்துப் பார்த்துத் தருவார். ஆர்சி புத்தகம் பத்திரமாக அவருடைய பீரோவிலேயே இருக்கும். இன்னொன்றும் உண்டு. தொண்டூர்ப் பக்கம் வண்டியை எடுத்துக்கொண்டு போகவே கூடாது. அங்கேதான் மூத்த மருமகன் தங்கராசு இருக்கிறார். அவருக்கும் மாமனார் ஒரு வண்டி வாங்கிக் கொடுத்திருந்தார். மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் அது காணாமல் போய்விட்டது. 'நொந்து போயிருக்கிற மனுஷன் முன்னாடி புது வண்டியில போய் நிக்கலாமா மாப்ள? பஸ்ல போங்க' என்று மாமனார் சொன்னபோது, எவ்வளவு பெரிய மனசு என்று வெற்றிவேல் நெகிழ்ந்து போனான்.

ஆனால் அந்தப் பெரிய மனசு தங்கராசுவை ஒரு விசேஷத்திலும் நிம்மதியாகச் சாப்பிட விட்டதில்லை. காதுகுத்தானாலும் கருமாதியானாலும், பந்தி நடுவில் எழுந்து நின்று, கொடுத்ததைக் காப்பாற்றத் தெரியாத ஆள் என்று மாமனார் ஆரம்பித்துவிடுவார். தங்கராசு குனிந்த தலை நிமிராமல் ரசத்தை உறிஞ்சுவார். தானும் இன்னொரு தங்கராசு ஆகிவிடக் கூடாது என்பதுதான் வெற்றிவேலின் ஒரே பயம். அதனால்தான் திண்டிவனம் போய்க் கமுக்கமாகக் கோன்செட் வாங்கி வந்து, வீடியோ பார்த்து, வீட்டிலேயே பிரித்தான். வீடியோவில் ஒருவர் பேசிக்கொண்டே முடித்துவிட்ட வேலை அது. இவனுக்குப் பழைய கிண்ணத்தைத் தட்டி எடுக்கவே விடிந்ததிலிருந்து மத்தியானம் ஆகிவிட்டது.

தட்டிய தட்டில் வண்டியின் கழுத்துக் குழாயில் கறுப்புப் பெயிண்ட் கொஞ்சம் பெயர்ந்து, உள்ளே சிவப்பு தெரிந்தது. ஜன்னல் கம்பிக்கு முதலில் ரெட் ஆக்சைடு அடிப்பது அவனுக்குத் தெரியும். "கம்பெனிக்காரன் எவ்ளோ அக்கறையா அடிச்சிருக்கான் பாரு," என்று மணிமொழியைக் கூப்பிட்டுக் காட்டிச் சந்தோஷப்பட்டான்.

இப்போது சந்தோஷப்பட நேரமில்லை. சக்கரம் கட்டிலுக்கு அடியில் போயிற்று. வண்டியின் உடம்பைத் தார்ப்பாயால் மூடி, மேலே இரண்டு சாக்கு உமியைப் போட்டான். கோயில் டியூப்லைட் மாதிரி 'அன்பளிப்பு: அரங்கநாதன், அனந்தபுரம்' என்று மஞ்சள் எழுத்தில் எழுதிய டேங்க்தான் பெரிய தொல்லை. அதன் மேல் மூன்றாவது சாக்கு விழுந்தது. ஹேண்டில்பார் எங்கேயும் அடங்கவில்லை. கண்ணாடி இரண்டும் அதிலேயே இருந்தன. கடைசியில் பாத்ரூம் சுவரில் இரண்டு ஆணி அடித்து அதை மாட்டிவிட்டான்.

அரங்கநாதன் வந்தார். தண்ணீர் கூடக் குடிக்காமல் வண்டி எங்கே என்று கேட்டார். சிநேகிதன் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான் என்று வெற்றிவேல் வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

"எந்த ஊருக்கு? தொண்டூருக்கா?"

"இல்ல மாமா, திண்டிவனத்துக்கு."

மாமனார் ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு, வண்டி வருகிற வரைக்கும் இங்கேயேதான் இருக்கப் போவதாகச் சொல்லிச் சட்டையைக் கழற்றி மாட்டினார். எத்தனை நாளானாலும் பரவாயில்லையாம்.

அவர் பாத்ரூமுக்குப் போனபோது வெற்றிவேல் குலதெய்வத்துக்கு ஒரு கிடா நேர்ந்துகொண்டான். திரும்பி வந்தவர் முகத்தில் திருப்தி இருந்தது.

"துண்டு போடறதுக்கு நல்ல ஸ்டாண்டா வாங்கி வச்சிருக்கீங்க மாப்ள. ரெண்டு பக்கமும் கண்ணாடி வேற. மீசைக்கு வசதியா இருக்குது. பட்டனைத்தான் அமுக்கிப் பாத்தேன், லைட்டு எரியல."

"கரண்ட் கனெக்சன் இன்னும் குடுக்கல மாமா."

அதோடு முடிந்திருந்தால் கிடா வெட்டிப் பொங்கல் வைத்திருப்பார்கள். ஆனால் புதுக் குண்டுகளைக் கிரீஸில் உருட்டி ஒரு சமையல் கிண்ணத்தில் போட்டு வைத்திருந்தான். அதை ஒளிக்க மறந்துபோய் டிவி பக்கத்திலேயே விட்டுவிட்டான். கறுப்பாக, பளபளவென்று, மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்த அவற்றை மாமனார் மோந்து பார்த்து, இது என்ன என்று கேட்டார். பதறிப்போன மணிமொழி, சுகருக்கு நாட்டு மருந்து என்று சொல்லிவிட்டாள்.

அரங்கநாதனுக்குப் பதினைந்து வருஷமாகச் சுகர். அவள் வாய் மூடுவதற்குள் இரண்டை எடுத்து வாயில் போட்டுச் சொம்புத் தண்ணீரைக் கவிழ்த்துக்கொண்டார்.

"வெயிட்டான மருந்து," என்றார்.

மணிமொழி போனைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடினாள். வெற்றிவேல் கிண்ணத்தை மாமனார் கைக்கு எட்டாமல் தள்ளி வைத்தான். தங்கராசுவாவது வண்டியைத்தான் தொலைத்தார். இவன் மாமனாரையே கொன்றுவிட்டான் என்று ஊர் பேசும். அப்படியே தரையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அரிசி மூட்டை, பள்ளம், டொக், திண்டிவனம், பாத்ரூம் ஸ்டாண்ட், கடைசியாக அந்த மருந்து.

"அது வண்டி குண்டு மாமா. கோன்செட்ல போடறது. வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

மாமனார் வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"அப்ப ஹேண்டிலைப் பிரிச்சிட்டீங்களா?"

"பிரிச்சிட்டேன் மாமா."

"வேற யாராச்சும் பாத்தாங்களா? மெக்கானிக் எவனாச்சும்?"

"யாரும் பாக்கல. முதல்ல எக்ஸ்ரே எடுத்துடலாம் மாமா."

குண்டு அதுவாகப் போய்விடும் என்றார் மாமனார். ஆஸ்பத்திரி எங்கும் ஓடிப்போகாது, முதலில் வண்டியை மூட வேண்டும் என்று வேட்டியை மடித்துக் கட்டினார். சாக்குகளைத் தள்ளினார், தார்ப்பாயை உருவினார், ஸ்பேனரைக் கேட்டார். வெற்றிவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. இரும்பை முழுங்கிவிட்டு, அந்த வயிற்றோடு மருமகன் வண்டிக்காகத் தரையில் உட்கார்ந்திருக்கிறாரே. இப்படி ஒரு மாமனார் யாருக்கு அமைவார்?

மணிமொழி கொல்லையிலிருந்து மூச்சு வாங்க வந்தாள்.

"கவலைப்படாத நைனா. குண்டை முழுங்கினா இன்னா பண்றதுன்னு ஹுசைன் பாய்க்குப் போன் போட்டுக் கேட்டேன். நேர்லயே வர்றேன்னுட்டாரு."

"மெக்கானிக் ஹுசைனா? ஏம்மா, டாக்டரைக் கேக்க மாட்டியா?"

"வண்டி சாமானாச்சே நைனா."

மாமனார் ஸ்பேனரைக் கீழே வைத்தார். அனந்தபுரம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாகச் சொன்னார். எத்தனை நாளானாலும் இருக்கப் போவதாகச் சொன்ன மனிதர் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு மற்றொன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது வாசலில் ஹுசைன் பாயின் மொபெட் வந்து நின்றது.

பாய் முதலில் வண்டியைத்தான் பார்த்தார். தொழில் அப்படி. கழுத்துக் குழாயைத் துணியால் துடைத்து, பெயர்ந்த இடத்தை நகத்தால் சுரண்டினார். ரெட் ஆக்சைடு என்று வெற்றிவேல் பெருமையாக விளக்கினான். பாய் அதைக் காதில் வாங்கவில்லை. குனிந்து, குழாய்க்கு அடியில் இருந்த ஒரு வெல்டிங் முடிச்சைத் தடவித் தடவிப் பார்த்தார். சொந்தப் பிள்ளையைத் திருவிழாவில் கண்டுபிடித்தவர் போல அவர் முகம் மலர்ந்தது. பிறகு, செருப்புக் கிடைத்தும் போட முடியாமல் நின்றிருந்த அரங்கநாதனைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் வச்ச வெல்டிங்கு எனக்குத் தெரியாதாண்ணே? தொண்டூர் மாப்ளயோட காணாப்போன செவப்பு வண்டி கெடைச்சிடுச்சின்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? பாவம், அந்த மனுஷன் இன்னும் அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூர்ல தேடிக்கினு இருக்காரு."