இலையான் மாஸ்டர் பார்த்துவைத்த முகூர்த்தம்

ஓர் ஈக்காக ஒரு கல்யாணத்தையே குழப்பப் பார்த்த மனிதர் ஓக்லாந்து முழுவதும் தேடினாலும் இலையான் மாஸ்டர் ஒருவர்தான் கிடைப்பார். கல்யாணம் என்னுடையது.

தொண்ணூறுகளில் கிளென் ஈடனில் நானும் அவரும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அவர் ஊரில் விலங்கியல் வாத்தியார். இங்கே பெட்டித் தொழிற்சாலையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வெயில் எறித்தால் போதும், மேற்குக் கடற்கரையின் கறுப்பு மணலில் போய்க் குப்புறப் படுத்துவிடுவார். ஈயை எங்கள் ஊரில் இலையான் என்போம்; அங்கே கொள்ளைக்கார ஈ என்றொரு வகை இருந்தது. மணலோடு மணலாக அசையாமல் குந்தியிருக்கும். ஏதாவது பறந்தால் பாய்ந்து பிடித்து, குத்தி உறிஞ்சிவிடும்.

“எங்கட மானேஜர் மாதிரி இல்லைத் தம்பி. இது பசிச்சால் மட்டும்தான் குத்தும்” என்பார்.

பெண்ணின் தகப்பனார் மனுரேவாவிலிருந்து என்னைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. ஞாயிறு நாலரைக்கு ராகுகாலம்; அதற்கு முன் மாப்பிள்ளையைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் கண்டிப்பு. எங்கள் வீட்டில் கார் வைத்திருந்தவர் மாஸ்டர் மட்டுமே என்பதால், அழைத்துவர அவரையே அனுப்பினேன். புத்தி கெட்டால் வேறென்ன செய்வது!

மூன்று மணியாகியும் ஆளைக் காணோம். வடை ஆறிப்போனது. ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில். மனுரேவாவிலிருந்து கிளென் ஈடனுக்கு வரும் வழியில் கடற்கரை கிடையாது. மாஸ்டர் வரும் வழியில் மட்டும் உண்டு.

பக்கத்து வீட்டுக்காரரின் காலில் விழாத குறையாக அவர் காரில் ஓடினேன். மணலில் இரண்டு பேர் குப்புறக் கிடந்தார்கள். ஒருவர் பட்டு வேட்டி.

“ஐயா!” என்றேன்.

“உஷ்! நிழலை விழுத்தாதேயும் தம்பி, இப்பதான் வந்து குந்தினது” என்று சீறினார் என் வருங்கால மாமனார்.

ஈ பறந்த பிறகுதான் அவருக்கு மணிக்கூடு ஞாபகம் வந்தது. முகம் கறுத்தது. “நாலு இருபத்தைஞ்சு! இனி வீட்டை போகேக்கை ராகுகாலம். சகுனம் சரியில்லை, விடுவம்.”

மாஸ்டர் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

“பெடியனைத்தானே பாக்க வந்தனீங்கள்? இந்தா நிக்கிறான், பாருங்கோ. இன்னும் அஞ்சு நிமிசம் கிடக்குது. ஊரே என்னை நக்கலடிக்குது ஐயா. இவன் ஒருத்தன்தான் ஒருநாளும் சிரிச்சதில்லை. தங்கமான பெடியன்.”

மாமனார் என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஓம், எனக்குச் சம்மதம்” என்றபோது நாலு இருபத்தொன்பது.

இலையான் என்ற பெயரை மாஸ்டருக்கு வைத்தவனே நான்தான். அது அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்.