கழித்தல் மூன்று தொடர்பாக மைத்துனருக்கு

மதிப்பிற்குரிய மைத்துனருக்கு,

இங்கு அனைவரும் நலம். தங்கள் நலத்தை விசாரிப்பது முறை என்பதால் விசாரிக்கிறேன். நான்கு ஆண்டுகளாக நாம் பேசிக்கொள்ளாததற்குக் காரணம் தங்களுக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், எட்டுப் பேர் முன்னிலையில், "அத்தான் கமாவைப் பிடிச்சிடுவார், கணக்கு மட்டும்தான் அவர் கையில சிக்காது" என்றீர்கள். ஏழு பேர் சிரித்தார்கள். சிரிக்காதவருக்குக் காது மந்தம். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவனைப் பார்த்து ஒரு கணித ஆசிரியர் சொல்லும் பேச்சா இது என்று இன்றும் பல் துலக்கும்போது நினைத்துக்கொள்கிறேன். அது கிடக்கட்டும். இந்தக் கடிதம் உங்கள் அக்கா மகளைப் பற்றியது.

அவளுக்கு வகுப்பில் இருபடிச் சார்பைக் காரணிப்படுத்தி வரைபடம் போடும் பாடம் வந்தது. புரியவில்லை, "மாமாகிட்ட கேக்கட்டுமாப்பா?" என்றாள். இந்த வீட்டில் படித்தவன் ஒருவன் இருக்கிறான் என்பது யாருக்குமே நினைவில் இல்லையா என்று எனக்குச் சுருக்கென்று பட்டது. நானே சொல்லித் தருகிறேன் என்று உட்கார்ந்தேன். கட்டம் போட்ட தாள் தீர்ந்துவிட்டதால் சமையலறைக்குப் போனோம். அங்கே தரை முழுக்கச் சதுர டைல்ஸ். அடுப்பிலிருந்து பிரிட்ஜ் வரை x அச்சு, கதவிலிருந்து தொட்டி வரை y அச்சு, கையில் அச்சகத்துச் சிவப்பு மார்க்கர். அது அழியாத வகை என்பது பிறகு தெரிந்தது. x² − 2x − 3 என்பதை (x − 3)(x + 1) என்று பிரித்தேன். இதுவரை குறை எதுவும் இல்லை, நீங்களே சரிபார்க்கலாம். வளைகோடு அச்சை எங்கே வெட்டும் என்பது அந்த அடைப்புக்குறிகளிலேயே இருக்கிறது என்றது புத்தகம். இருபத்தெட்டு வருடமாக என் தொழிலில் ஒரே விதிதான்: மூலப்படியில் கழித்தல் இருந்தால் அச்சிலும் கழித்தல், கூட்டல் இருந்தால் கூட்டல், நம் இஷ்டத்துக்கு எதையும் மாற்றக்கூடாது. ஆகவே கழித்தல் மூன்றில் ஒரு புள்ளி, கூட்டல் ஒன்றில் ஒரு புள்ளி வைத்தேன். இரண்டுக்கும் நடுவில்தான் வளைகோட்டின் அடிப்புள்ளி வரும் என்பதால் கழித்தல் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். விடை பூச்சியம். கீழே இறங்க வேண்டிய புள்ளி இறங்காமல், மற்ற இரண்டோடு ஒரே வரிசையில் வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டு மாலை முட்டி தேய மண்டியிட்டுப் பார்த்தும் அது அசையவில்லை. உங்களைப் போன்றவர்கள் சேர்ந்து எழுதிய புத்தகம், அச்சுப்பிழை இல்லாமல் எப்படி இருக்கும் என்று முடிவு செய்து, ஆசிரியர் சொல்ல வந்தது இதுதான் என ஊகித்து, அடிப்புள்ளியை நானே நான்கு டைல்ஸ் கீழே இறக்கி, வளைவாக ஒரு கோடும் போட்டு முடித்தேன். பார்க்க லட்சணமாகவே இருந்தது.

"நான் அடுப்புக்குப் போகணும். எந்தப் பக்கமா மிதிக்கணும்னு நீங்களே சொல்லுங்க" என்றாள் உங்கள் அக்கா.

"அச்சு மேல நடக்காத. நாலாவது கால்பகுதி வழியா போ."

"இருபது வருஷம் உங்களோட குடித்தனம் பண்ணிட்டேன், எனக்கு எல்லாப் பகுதியும் ஒண்ணுதான்" என்று அவள் நேராக வளைகோட்டின் நடுவில் நின்று வெங்காயம் நறுக்கினாள்.

அடுத்த வாரம் பள்ளியில் தேர்வு. ஐந்து கணக்கிலும் குழந்தை குறிகளை அப்படியே எடுத்து வைத்திருக்கிறாள், நான் சொன்னபடி. ஐந்தும் தவறு. இருபதுக்குப் பூச்சியம். ஆசிரியை என்னை வரச் சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை மறுதேர்வு, அதிலும் தவறினால் கணிதம் இல்லாத பிரிவுக்கு மாற்றிவிடுவோம் என்றார். அவள் கட்டடக்கலை படிக்க வேண்டும் என்று ஆறாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பது உங்களுக்கும் தெரியும். செருப்புப் பெட்டியில் கூட மாடிப்படி வெட்டி வைப்பவள். கணிதம் போனால் அதுவும் போகும். ஆசிரியை விடைத்தாளைத் திருப்பிக் காட்டி, "இப்படிப் போடணும்னு யாரும்மா உனக்குச் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார். குழந்தை என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "யாரும் இல்ல மிஸ். நானாத்தான் போட்டேன்" என்றாள். நான் அருகில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்திருக்க வேண்டும். சுவரில் இருந்த கால அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தேன். அதில் இரண்டு பிழைகள்.

வீட்டுக்கு வந்து நானே போட்டுப் பார்த்தேன். அடைப்புக்குள் மூன்று கழிகிறது என்றால், மூன்றை வைத்தால்தான் அது பூச்சியமாகும். கழித்தல் மூன்றை வைத்தால் கழித்தல் ஆறு. வெட்டும் இடங்கள் மூன்றும் கழித்தல் ஒன்றும். நடுவில் ஒன்று. அதைப் போட்டால் கழித்தல் நான்கு, அடிப்புள்ளி தானாகவே நான்கு கட்டம் இறங்குகிறது. புத்தகத்தில் பிழை இல்லை. பிழை சமையலறையில் மண்டியிட்டிருந்தது. இதை அவளிடம் சொல்லப் போனேன். நான் ஆரம்பிப்பதற்குள் "சரிப்பா" என்றாள். எது சொன்னாலும் "சரிப்பா" தான். எதிர்த்துப் பேசினாலாவது நிம்மதியாக இருக்கும். என்னால் கெட்டதை என்னாலேயே திருத்த முடியவில்லை என்பதால் கேட்கிறேன்: வெள்ளிக்கிழமைக்கு முன் ஒருநாள் வா. வந்து அவளுக்கு இரண்டு மணி நேரம் சொல்லிக் கொடு. தரையைப் பார்த்துச் சிரிக்காதே. சாப்பிடும்போது கமாவைப் பற்றிப் பேசாதே. உன்னை நான் மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. இது குழந்தைக்காக மட்டும்.

நீயும் உன் வீட்டாரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். நம் மனத்தாங்கல் அதற்குக் குறுக்கே வராது.

இப்படிக்கு,
உன் அக்கா வீட்டுக்காரர்

பின்குறிப்பு: அஞ்சல்தலை வாங்க மறந்து இந்தக் கடிதம் மூன்று நாள் என் பையிலேயே கிடந்தது. மறந்து என்பது முழு உண்மையல்ல. இன்று மதியம் குழந்தை வந்து ஒரு தாளை நீட்டினாள். மறுதேர்வை முன்கூட்டியே வைக்கச் சொல்லிக் கேட்டு எழுதிவிட்டாளாம். இருபதுக்கு இருபது. ஞாயிறுதோறும் காலையில் நான் நூலகத்துக்குப் போனதும் தாயும் மகளும் நான்கு வருடமாக உன்னோடு போனில் பேசுகிறார்கள் என்பதும், இந்தப் பாடத்தை முதல் தேர்வுக்கு முன்பே நீ சரியாகச் சொல்லிக் கொடுத்துவிட்டாய் என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது. எனவே மேலே கேட்டவை, விதித்தவை அனைத்தையும் நீக்கி வாசிக்கவும். "அப்போ மொதல் தேர்வுல ஏம்மா என் வழியில போட்ட?" என்று கேட்டேன். "நீங்க ரெண்டு நாள் முட்டி போட்டு வரைஞ்சீங்களேப்பா. மாமாதான் தப்பா சொல்றார்னு நெனச்சேன்" என்றாள். அதாவது, கணித ஆசிரியரான உன் பேச்சையும் என் பேச்சையும் எடை போட்டு, என் பக்கம் நின்றிருக்கிறாள். நான்கு வருடக் கோபத்தில் எனக்கு இதைவிடப் பெரிதாக எதுவும் வேண்டியிருக்கவில்லை. இதை உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டும். சனிக்கிழமை சாப்பிட வா.